ஹெல்சிங்கி – டோக்கியோ: சில குறிப்புகள்

ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் நேர்த் தூரம் சுமார் 7,800 கி.மீ. அது அப்படியேதான் இருக்கிறது. விமானம் எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் 13 மணி, பிறகு ஒன்பதரை, இப்போது மறுபடி 13 என்று ஆகியிருக்கிறது. வழியெல்லாம் கிட்டத்தட்ட ரஷ்ய வானம், விஷயம் அவ்வளவுதான்.

*

சோவியத் காலத்தில் மேற்கத்திய விமானங்களுக்கு அந்த வானம் பெரும்பாலும் அடைத்தே கிடந்தது. ஜப்பான் போகத் தெற்கே ஊர் ஊராக இறங்கி ஏற வேண்டும். இல்லையென்றால் வடக்கே போய் அலாஸ்காவின் ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள வேண்டும். எஸ்.ஏ.எஸ். விமான நிறுவனம் 1957-இல் கோபன்ஹேகனிலிருந்து தொடங்கிவைத்த வழி இது. ஆங்கரேஜ் விமான நிலையத்தில் ஒரு உடோன் கடை இருந்தது. அந்தக் காலத்து ஜப்பானியப் பயணிகளிடம் ஆங்கரேஜ் என்றால் முதலில் அந்தக் கடையைத்தான் சொல்வார்கள். இரவா பகலா என்று புரியாத நேரத்தில், ஆவி பறக்க ஒரு கிண்ணம் நூடுல்ஸ், யாருக்குத்தான் மறக்கும்?

*

1983: பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் தன் டிசி-10 விமானத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்து, எங்கும் இறங்காமல் வட துருவத்தின் மேலாக டோக்கியோ போனது. 13 மணி நேரம். பிற்பாடு சைபீரிய வானம் திறந்ததும் அது ஒன்பதரை மணியாகச் சுருங்கியது. ஆசியாவுக்குக் குறுக்குவழி எங்கள் ஊர்தான் என்று சொல்லியே ஹெல்சிங்கி பிழைப்பு நடத்தியது.

*

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். ரஷ்ய வானம் மறுபடி அடைபட்டது. மார்ச்சில் ஃபின்ஏர் பழையபடி துருவத்துக்கே போனது. போகும்போது பெரும்பாலும் தெற்கே சுற்றி, திரும்பும்போது துருவம் வழியாக. காற்று எப்படி அடிக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். துருவம் கடந்த பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். சுற்றி வளைத்துக் கூட்டிப்போனதற்குச் சான்றிதழ்! வியாபாரம் தெரிந்தவர்கள். சீன விமானங்களோ இன்றும் ரஷ்யா மேலேயே பறந்து ஐரோப்பா போகின்றன.

*

தூரத்தை 900-ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் பயண நேரம் என்பது பொதுக்கணக்கு. இந்த இரண்டு ஊருக்கு அது செல்லாது. டிக்கெட்டைப் பார்ப்பதே மேல்.

*

அடைபட்ட வழி என்றதும் இன்னொன்று. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்குமான வான்வழி அறுந்தது. மறு ஆண்டு ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனம், பெர்த்திலிருந்து இலங்கையின் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கலை ஏரிக்குக் கேட்டலினா படகு விமானங்களை விட்டது. நடுவில் முழுக்க இந்தியப் பெருங்கடல். 5,600 கி.மீ.க்கு 27 முதல் 33 மணி நேரம். எதிரி காதில் விழக்கூடாது என்று வயர்லெஸ்ஸில் மூச்சு விடமாட்டார்கள். எரிபொருள் பாரத்தில் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்தவர்கள் என்று இவர்களுக்கும் சான்றிதழ் உண்டு. இது கொடுக்க வேண்டியதுதான்.