குருசடைக் கடலில் ஒரு விளக்குப் பாடம்

கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி, அதில் உயிருள்ள பவளம் வளர்க்கும் வீட்டை வாசகர்களில் பலர் கண்டிருக்க மாட்டீர்கள். ஷார்ஜாவிலுள்ள என் ராத்தா மகனின் வீட்டில்தான் நானும் அதை முதன்முதலாகக் கண்டேன். நாலடி நீளம், இரண்டடி உயரம் கொண்ட தொட்டி. அதனுள் பண்ணையில் வளர்த்து விற்கப்படும் பவளத் துண்டுகள் ஏழு. அவனுடைய சிறிய மகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சூட்டி வைத்திருந்தாள்.

சென்ற தை மாதக் கடைசியில் அவன் விடுப்பில் கீழக்கரை வந்தான். ஸலாம் கூறி அமர்ந்தவுடனேயே கைப்பேசியை என்னிடம் நீட்டினான்.

"மாமா, பாருங்க. எல்லாம் வெளுத்துப் போச்சு. விளக்கு போதலைன்னு நெனக்கிறேன். திரும்பினதும் இதைவிட ரெண்டு மடங்கு சக்தியுள்ளதா ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன்."

அந்த விளக்கின் விலை அவனுடைய மாதச் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி. பள்ளியில் முப்பது ஆண்டு உயிரியல் நடத்தியவன் என்பதால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கிறான். நானோ பவளத்தைப் பாடப்புத்தகத்தில் நடத்தியவனே அன்றி, விளக்குக் கடையை அறிந்தவன் அல்லன். எனவே, "வாங்குமுன் ஒரு நாள் என்னுடன் வா. பவளம் இருக்கும் இடத்தில் வெளிச்சம் எப்படி இருக்கிறதென்று பார்ப்போம்" என்றேன்.

முதலில் எங்கள் தெருவிலுள்ள ஒரு பெரியவரிடம் அழைத்துச் சென்றேன். இளமையில் சங்கு குளித்தவர். இப்போது எண்பதை நெருங்குகிறார். மன்னார் வளைகுடாவில் சங்கும் முத்தும் குளித்துப் பிழைத்த குடும்பங்கள் கீழக்கரையில் பல உண்டு என்பதை வாசகர்கள் அறிவீர்கள். கடலுக்கடியில் வெளிச்சம் எப்படி இருக்கும் காக்கா என்று கேட்டதற்கு அவர் சொன்ன விடை என்னை வியப்பில் ஆழ்த்தியது.

"எட்டுப் பாகத்துல பாறை கிழிச்சு ரத்தம் வந்துச்சு தம்பி. பார்த்தா சிவப்பா இல்லே. கரும்பச்சையா புகை மாதிரி போவுது. பயந்துட்டேன். மேலே வந்து பார்த்தா நல்ல சிவப்பு!"

பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம். ஏறத்தாழ 6 அடி. எட்டுப் பாக ஆழத்தில், அதாவது சுமார் 15 மீட்டரில், சூரிய ஒளியின் சிவப்புப் பகுதி அநேகமாக முழுவதும் நீரால் உறிஞ்சப்பட்டு விடுகிறது. சிவப்பு ஒளி இல்லாத இடத்தில் சிவப்புப் பொருள் எப்படிச் சிவப்பாகத் தெரியும்? முதலில் மறைவது சிவப்பு. பிறகு ஆரஞ்சு, மஞ்சள். தெளிந்த கடலில் மிக ஆழம்வரை செல்வது நீலமே. நான் கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதிய பாடத்தை அந்தப் பெரியவர் தம் உடலில் எழுதி வைத்திருந்தார்!

அவர் இன்னொன்றும் கூறினார். கரைக்கு அருகே ஆழம் குறைந்த இடங்களில் சல்லி கொம்பு கொம்பாக நெருங்கி நிற்கும். ஆழத்திலுள்ள பார்களில் அது தட்டுப்போல விரிந்து கிடக்கும் என்றார். 'சல்லி' என்பது பவளக் கல்லுக்கு எங்கள் கடற்கரையில் வழங்கும் பெயர். வெளிச்சம் குறைந்த இடத்தில் அதைச் சிந்தாமல் ஏந்திக் கொள்வதற்காகச் சில பவளங்கள் தட்டையாக விரிகின்றன என்பது உயிரியலாரும் ஒப்புக்கொண்ட உண்மை.

மறுநாள் ஸுப்ஹு தொழுத பின் புறப்பட்டு, இராமநாதபுரம் வழியாக மண்டபம் சென்றோம். 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் முன்பு இயங்கிய ஊர் இது. தலைமையகம் பின்னர் கொச்சிக்கு மாறிவிட்டது எனினும், அதன் கிளை இங்கு இயங்குகிறது. அங்கே அதிகம் தங்கவில்லை. பாம்பன் பாலத்தைக் கடந்து, தெற்கே திரும்பிக் குந்துகால் துறையை அடைந்தோம். அங்கிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவின் பக்கம் செல்லலாம்.

இப்பயணத்துக்குக் காலம் பார்த்துச் செல்ல வேண்டும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்க, தென்கடலாகிய மன்னார் வளைகுடா அடங்கிக் கிடக்கும். சோழகம் தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழ், தென்கடல் கலங்கிவிடும். நாங்கள் சென்ற அன்று நீர் கண்ணாடிபோல் இருந்தது.

தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை கரையோரமாக இருந்த 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அவற்றுள் இரண்டு கடலுள் மூழ்கிவிட்டன. இத்தீவுகளைச் சூழ்ந்து 117 வகைக் கல்பவளங்கள் பதிவாகியுள்ளன. படகின் அடியில் பதித்த கண்ணாடி வழியே குனிந்து நோக்கினோம். மான்கொம்பு போன்றவை, பெரும்பாறை போல் உருண்டவை, மூளை மடிப்புப் போன்றவை. அலை அசையும்போதெல்லாம் வெயில் வலைபோல் அவற்றின்மீது ஓடியது. கடைகளில் விளம்பரப்படுத்துவது போன்ற ஊதாவும் ரோஜாவும் அங்கே அதிகம் இல்லை. பெரும்பாலும் பழுப்பு, மங்கிய பச்சை, தேன் நிறம்.

மருமகன் முகத்தில் சற்று ஏமாற்றம். அந்தப் பழுப்பே உயிரின் நிறம் என்று விளக்கினேன். பவளப் பூச்சியின் சதைக்குள் கண்ணுக்குப் புலப்படாத ஒரு செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைத்து, வீட்டுக்காரருக்கு வாடகை கொடுப்பது போலப் பெரும்பங்கைப் பவளத்துக்கு அளிக்கின்றன. சில வகைகளுக்குத் தேவையான ஆற்றலில் 90 விழுக்காடு வரை இவ்வழியே கிடைக்கிறது. பாசி வெளியேறினால் வெறும் சதையினூடே வெள்ளைச் சுண்ணாம்பு எலும்பு தெரியும். அதுவே வெளுத்தல். நம் வீடுகளில் மோதிரத்தில் பதிக்கும் மர்ஜான் என்னும் சிவப்புப் பவளம் வேறு இனம். அது மத்தியதரைக் கடலின் இருண்ட குகைகளிலும் ஆழத்திலும் வாழ்வது. அதற்குப் பாசியும் இல்லை, விளக்கும் தேவையில்லை.

எங்களுடன் வந்த வழிகாட்டி, கோடை பற்றிச் சொன்னார். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் அளவுக்கு மீறிச் சூடேறி, இங்குள்ள பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. "வெயில் படற மேல்பக்கந்தான் முதல்ல வெளுக்கும் சார். அடிப்பக்கம் பழுப்பாவே இருக்கும்" என்றார்.

மருமகன் சட்டென்று கைப்பேசியை எடுத்தான். படத்தைப் பெரிதாக்கினான். நானும் எட்டிப் பார்த்தேன். ஏழு துண்டுகளிலும் மேற்பக்கம்தான் வெள்ளை. கல்லின் நிழல் விழுந்த அடிப்பக்கம் பழுப்பு மாறாமல் இருந்தது!

"அப்ப எனக்கு வெளிச்சம் போதாம இல்லே மாமா..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

இருட்டில் வாடிய பவளம் நிழல் பக்கத்தில்தான் முதலில் நலிவடையும். இது மேலே வெந்திருக்கிறது. இரண்டு மடங்கு விளக்கை வாங்கியிருந்தால் எஞ்சியதும் போயிருக்கும்.

இப்பிழைக்கு அவனைக் குறைகூற இயலாது, கண்தான் ஏமாற்றியது. தொட்டிக்கான எல்.இ.டி. விளக்குகளில் நீலம் மிகுதி. நம் கண் பச்சை, மஞ்சள் ஒளியையே நன்கு உணரும். நீலம் நமக்கு மங்கலாகத் தோன்றும். பாசிக்கோ நீலமே விருந்து. லக்ஸ் என்னும் அளவும் மனிதக் கண்ணை ஒட்டி வகுக்கப்பட்டதாதலால் இங்கு பயன்படாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும், ஒளிச்சேர்க்கைக்கு உதவக்கூடிய ஒளித்துகள்களை எண்ணும் 'பார் மீட்டர்' என்ற கருவி வேண்டும். (கடலடித் திட்டையும் எங்கள் ஊரில் பார் என்றே சொல்வோம்; பெயர்ப் பொருத்தம் தற்செயலே.) அதன் அலகு மைக்ரோமோல். வெப்பமண்டல நண்பகலில் கடலின் மேற்பரப்பில் 2,000 வரை காட்டும். ஆனால் தொட்டியில் மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரையும், மான்கொம்பு வகைகளுக்கு 200 முதல் 350 வரையும் போதும் என்பது வளர்ப்போர் அனுபவம். கருவியை வாடகைக்குத் தருவோரும் உண்டு. விளக்கு வாங்கும் முன் பவளத் துண்டு இருக்கப்போகும் இடத்தில் அதை வைத்து அளப்பதே அறிவுடைமை. இரண்டடி நீரின் அடியில் காட்டும் எண், மேலே காட்டுவதினின்றும் வெகுவாகக் குறையும்.

திரும்பும் வழியில், "சூரிய வெளிச்சத்தையே பயன்படுத்தினால் என்ன?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. வீட்டில் பவளத் தொட்டி வைத்து வெற்றி கண்ட முன்னோடிகளுள் ஒருவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். உயிருள்ள பாறை, காற்றுக் குமிழிகள், வெயில் இவற்றைக் கொண்டே நடத்தி, தம் முறையை 1961-ல் ஓர் இதழில் எழுதினார். ஆனால் ஷார்ஜாவின் கோடை வெயிலில் ஜன்னலோரத் தொட்டி கொதிகலனாகிவிடும். பவளத்துக்கு 24 முதல் 27 டிகிரி வெப்பமே ஏற்றது.

அதே காரணத்தால்தான் மெட்டல் ஹாலைடு விளக்கை நான் விரும்பவில்லை. அலையில் வெயில் மின்னுவது போன்ற அழகு அதற்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 250 வாட் விளக்கு ஒன்று தொட்டியையும் அறையையும் சேர்த்துச் சூடேற்றும். டி-5 குழல் விளக்குகள் ஒளியைச் சீராகப் பரப்பும். ஆனால் எரிந்து கொண்டிருக்கும்போதே அவற்றின் ஒளி தரம் குன்றுவதால், ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். எல்.இ.டி.யில் சூடு குறைவு, மின்செலவு குறைவு, கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டு. அவனிடம் இருந்ததும் அதுவே. கடைத் தொட்டியின் மங்கிய வெளிச்சத்தில் பழகிய துண்டுகளை, வந்த முதல் நாளே முழுச் சக்தியில், நாளுக்கு 12 மணி நேரம் நிறுத்தியதுதான் தவறு.

குந்துகால் கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு சல்லித் துண்டை மகளுக்காக எடுத்துக் கொள்ளலாமா என்று அவன் கேட்டபோது வழிகாட்டி தலையசைத்து மறுத்தார். கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. இறந்த துண்டும் குற்றமே. ஒரு காலத்தில் இவற்றைப் படகு படகாக வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு அனுப்பிய கடற்கரை இது. அவன் துண்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

அன்றிரவே ஷார்ஜாவுக்குப் பேசினான். விளக்கை நாலில் ஒரு பங்காகக் குறைத்து, 8 மணி நேரம் மட்டும் எரியவிடும்படியும், தொட்டியின்மேல் வெள்ளைக் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகப் போடும்படியும் மனைவியிடம் கூறினான். மூன்று வாரம் கழித்து ஒரு மடிப்பு, மேலும் மூன்று வாரம் கழித்து மற்றொன்று நீக்குவதென ஏற்பாடு.

இரண்டு மாதத்துக்குப் பின் படங்கள் அனுப்பியிருந்தான். நான்கு துண்டுகளில் பழுப்பு திரும்பியிருக்கிறது. இரண்டு இறந்துவிட்டன. ஏழாவதைப் பற்றித் தானும் மகளும் இன்னும் முடிவு செய்யவில்லை என்று எழுதியிருக்கிறான். விளக்குப் பணம் வங்கியில் அப்படியே இருக்கிறதாம்.