தலைமன்னார் கப்பல்

நீலகிரியில் கொளப்பள்ளி, சேரம்பாடி, நடுவட்டம், கோத்தகிரி என்று எந்த டான்டீ தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் போனாலும், அறுபது தாண்டிய ஒருவராவது இலங்கையிலிருந்து கப்பல் ஏறிய கதை சொல்வார். மலையில் பிறந்து, மலையில் கொழுந்து பறித்து, மலையிலேயே மண்ணுக்குப் போகிறவர்கள். கடலை வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருப்பார்கள். அந்த ஒரு நாளும் அழுதுகொண்டே பார்த்தது.

நானும் அந்தக் கப்பலில் வந்தவன். 'ராமானுஜம்' என்று அதற்குப் பெயர். எழுபதுகளின் நடுவில் வந்தோம். பத்து வயது இருக்கும் எனக்கு. ஹட்டனுக்கு அந்தப் பக்கம், நோர்வூட் போகிற வழியில் எங்கள் தோட்டம்.

எங்களை யாரும் துரத்தி அனுப்பவில்லை என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் இலங்கையில் 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடில்லாதவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்த மீதியையும் பத்து வருஷம் கழித்துப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்ட யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். சித்தப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த அண்ணன் தம்பி. 1973, 74-இல் தோட்டங்களில் பஞ்சம் வந்து, மாவும் அரிசியும் இல்லாமல் ஆட்கள் செத்தார்கள். "இங்க கெடந்து சாவறதுக்கு அங்க போயிப் பார்ப்போம்" என்றார் அப்பா. அதற்குமேல் அவர் எதையும் விளக்கியதில்லை.

ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி கிளம்பும்போது எழுந்த சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இழவு வீட்டில்கூட ஒருவர் அழ நாலு பேர் தேற்றுவார்கள். அங்கே தேற்ற ஆளில்லை. சித்தி ஜன்னல் வழியாக அம்மாவின் கையைப் பிடித்தபடி பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் ஓடி வந்தார்.

மறுநாள் தலைமன்னார். மலைக்குளிருக்குப் போட்ட கம்பளிக் கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் எல்லோரும் அந்த வெயிலில் வேர்த்து நின்றோம். மணலில் கழுதைகள் திரிந்தன. கழுதையை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். சுங்கத்தில் பெட்டிகளைக் கொட்டிக் கிளறினார்கள். எங்கள் ட்ரங்குப் பெட்டியில் பித்தளைக் குடம், தையல் மிஷினின் தலை, ராணி சோப்புக் கட்டி, கொஞ்சம் தேயிலைத் தூள். தேயிலைக் காட்டுக்குப் போகிறோம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

கப்பல் நகர்ந்ததும் என்னை ஆட்கொண்டது பயம்தான், துக்கம் இல்லை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து கண்ணை நிறுத்தும். இங்கே கண் போய்க்கொண்டே இருந்தது, எங்கும் முட்டவில்லை. இடப்பக்கம் தூரத்தில் ராமர் பாலத்து மணல் திட்டுகள் வெளுத்துத் தெரிந்தன. ஒரு மரம் இல்லை, ஒரு குடிசை இல்லை, பறவைகள் மட்டும் எழுந்து எழுந்து இறங்கின. பெரியவர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். டீசல் வாடையும் வாந்தி வாடையும் கலந்து வந்தன. பெண்கள் கீழ்த்தளத்தில் முட்டாக்குப் போட்டுச் சுருண்டு கிடந்தார்கள். அம்மா மட்டும் மேலே வந்து, பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வந்த திசையையே பார்த்து நின்றார். மன்னார்த் தீவு கோடாகித் தேய்ந்து மறைந்தது. ராமேஸ்வரம் கோபுரம் தெரிந்ததும் முன்பக்கம் ஆட்கள் கூடிவிட்டார்கள். அம்மா திரும்பவே இல்லை.

அந்தச் சில மணி நேரம் நாங்கள் எந்த நாட்டுக்கும் ஆகாதவர்களாக இருந்தோம். ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தோம். டிக்கோயா ஆள், மஸ்கெலியா ஆள், பொகவந்தலாவை ஆள் எல்லோரும் ஒரே தளத்தில் உட்கார்ந்து, கட்டி வந்த ரொட்டியையும் சம்பலையும் பிட்டுப் பிட்டுக் கொடுத்துக்கொண்டார்கள். மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்ததும் அவர்களைச் சிதறடித்துவிட்டார்கள். மில்லுக்குக் கொஞ்சம் பேர், ரப்பர் தோட்டத்துக்குக் கொஞ்சம் பேர், தேயிலைக்குக் கொஞ்சம் பேர். 5,000 ரூபாய் வியாபாரக் கடனை நம்பிப் பூர்வீக ஊருக்குப் போனவர்கள், வியாபாரம் தெரியாமல் பணத்தை இழந்து, கடைசியில் மலையைத் தேடி நீலகிரிக்கே வந்து சேர்ந்தார்கள்.

என் தாத்தாவை இளவட்டமாகச் சிலோனுக்கு ஏற்றி அனுப்பியதும் அதே மண்டபம் முகாம் வழியாகத்தான். அப்போது அது இலங்கை அரசின் நோய்த் தடுப்பு முகாம். 1914-இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் தொடங்கிய பிறகு, எத்தனையோ பேர் அந்த வழியே போனார்கள். ஒப்பந்தம் போட்ட இரண்டே மாதத்தில், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதனால்தான் நாங்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினோம்.

தாயகம் திரும்பியோருக்காக அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு டான்டீ ஆனது. அப்பாவுக்கு அதில் வேலை கிடைத்தது. காடு வெட்டிக் கன்று நட்டார். இங்கும் தேயிலை, இங்கும் பனி, இங்கும் காலையில் ஆள் கூட்டும் பெரட்டு. "உங்களுக்கென்ன, அதே ஊருதானே" என்பார்கள் வெளியாட்கள். அதுதான் எங்களைக் கொன்றது. பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டிருந்தால் இது வேறு ஊர் என்று மனசு ஒப்புக்கொண்டிருக்கும். இங்கே ஒவ்வொரு முடக்கிலும், திரும்பினால் நம் லயம் வந்துவிடும் என்று கால் ஏமாந்தது. திரும்பினால் யானைச் சாணம் கிடக்கும். அங்கே எங்கள் தேயிலை மலையில் யானை கிடையாது.

பீலி கிடையாது என்பதுதான் அம்மாவுக்குப் பெரிய குறை. பாறை இடுக்கில் கசிகிற தண்ணீரை மூங்கிலிலோ தகரத்திலோ பிடித்து விழ விடுவதைத்தான் பீலி என்போம். எங்கள் பீலிக்கரையில் துவைகல் நடுவில் குழிந்திருக்கும். அத்தனை தலைமுறை அடித்துத் துவைத்த குழி. வேலை விட்டு வந்து, கையில் ஒட்டிய கொழுந்துப் பிசின் போக அந்தத் தண்ணீரில் நின்றால்தான் பெண்களுக்குப் பொழுது முடியும். ராத்திரி அந்தச் சத்தத்திலேயே தூங்குவோம். இங்கே குழாய்த் தண்ணீர், வருகிற நேரத்துக்கு வரும். "சத்தமில்லாம எப்பிடித் தூங்குறது?" என்று அம்மா முதல் வருஷம் முழுக்கக் கேட்டார்.

ஊர்ச் செய்தி வருவதற்கு எங்களுக்கு இலங்கை வானொலி இருந்தது. ஊட்டி மலையில் அது தெளிவாகக் கேட்கும். சினிமாப் பாட்டு முடிந்து மரண அறிவித்தல் தொடங்கினால் லயமே அடங்கிவிடும். தோட்டத்து ஆட்களின் பெயர் அபூர்வமாகத்தான் வரும். கடைக்காரர்கள், கணக்கப்பிள்ளைமார் பெயர்கள்தான் அதிகம். ஆனாலும் ஹட்டன் என்றோ டிக்கோயா என்றோ ஊர்ப்பெயர் கேட்டால் அம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். சித்தப்பா இறந்தது வானொலியில் வரவில்லை. கடிதத்தில் வந்தது, கருமாதி முடிந்து.

1984 வாக்கில் போர்ச் சூழலில் கப்பலும் நின்றது. அதற்குப் பிறகு போய்வர விமானம்தான். பாஸ்போர்ட், விசா என்று தோட்டக் கூலிக்கு எட்டாத செலவு. 2015-இல் தலைமன்னாருக்கு மறுபடி ரயில் வந்துவிட்டது. இந்தப் பக்கம் பாம்பனில் 2025-இல் புதுப் பாலமும் திறந்தாயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-இல் கப்பல் விட்டார்கள். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் இருக்கிற கடல்தான் பாக்கி. இதற்கிடையே 2022-இல், டான்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க ஆணை வந்தது. மறுபடியும் எங்கே போகச் சொல்வார்களோ என்று லயங்களில் பெரியவர்கள் தூங்கவில்லை.

நாகப்பட்டினம் கப்பல் செய்தியைப் பக்கத்து லயத்து ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். எண்பது கடந்தவர். "தலைமன்னாருக்கு விடலியா, தம்பி?" என்றார். இல்லை என்றேன். விட்டால் எப்படிப் போக வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தார்: மன்னார், மதவாச்சி, அநுராதபுரம், மாகோ, குருணாகல், பொல்காவலை, பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, வட்டவளை, ஹட்டன். "பொல்காவலையில கோச்சி மாறணும், மறந்துறாத." ஒரே ஒரு தடவை, எதிர்த் திசையில் வந்தவர் அவர்.

ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் விட வேண்டும். வியாபாரத்துக்கும் சுற்றுலாவுக்கும் விடட்டும், அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அக்காள் தங்கை முகத்தைப் பார்க்க வேண்டும் என்று காத்திருக்கிற கிழவிகள் இன்னும் கொஞ்சம் பேர் இந்த மலையில் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே விட வேண்டும்.