தண்ணீர் சொல்லும் ஆழத்தை நம்ப வேண்டாம்



நேற்று தரம் 11 பிள்ளைகளுக்கு ஒளிமுறிவுப் பாடம். பீங்கான் கோப்பைக்குள் ஒரு பத்து ரூபாக் குத்தியைப் போட்டு, அது கண்ணுக்கு மறையும் வரை பின்னால் போகச் சொன்னேன். பிறகு மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன். "சேர், குத்தி மேல வந்துட்டு!" என்று வகுப்பே சத்தம் போட்டது. குத்தி அசையவே இல்லை.

கடைசி வரிசைப் பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், இது சோதனைக்கு வருமா?"

அப்போதுதான் என் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எனக்கு பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும். பள்ளிக்கூட லீவு. சுதுகங்கையில் குளிக்கப் போனோம். மழையில்லாத காலம், அடியில் கிடந்த கல்லெல்லாம் எண்ணலாம் போலத் தெளிந்த தண்ணீர். பார்த்தால் நாலடி மட்டில் தெரிந்தது. "நெஞ்சளவுதானே" என்று குதித்தேன். கால் நிலத்தில் படவில்லை. நீந்தவும் தெரியாது. பெரியம்மாவின் மகன் நானா தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இன்று இதை எழுத நான் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். உம்மாவிடம் பல வருடம் சொல்லவே இல்லை.

நடந்தது என்ன? ஒளி வளியில் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் போகிறது. தண்ணீரில் ஏறத்தாழ 2 இலட்சத்து 25 ஆயிரம்தான். அதாவது முக்கால் பங்கு. அடியில் உள்ள கல்லிலிருந்து வரும் கதிர் தண்ணீரை விட்டுச் சாய்வாக வெளியேறும்போது, வேகம் மாறுவதால் வளைகிறது. நம் கண்ணுக்கு அந்த வளைவு தெரியாது. நேராக வந்ததாக எண்ணி, கல்லை மேலே காட்டிவிடுகிறது. நேர் மேலே நின்று பார்த்தாலும் ஆழத்தில் முக்கால் பங்குதான் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு.

நாலடி என்று நான் நினைத்த இடம் ஐந்தடி நாலு அங்குலத்துக்குக் குறையாது. அன்று என் உயரம் ஐந்தடி கூட இல்லை.

இந்த முறிவை 984ஆம் ஆண்டளவில் பக்தாதில் இப்னு ஸஹ்ல் கேத்திரகணிதமாக வரைந்தார். பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், அடர்ந்த ஊடகத்தில் ஒளி மெதுவாகச் செல்கிறது என்றார். நியூட்டன் அதற்கு மாறாக எண்ணினார். தண்ணீரில் ஒளி மெதுவாகத்தான் போகிறது என்பதை 1850இல் பிரான்ஸில் பூக்கோ பரிசோதித்துக் காட்டினார். நாம் அதைச் சோதனைக்கு மட்டும் பாடமாக்கி மறந்துவிடுகிறோம்.

எங்கட மாவட்டத்தில் நாலந்தா, போவதென்ன, மொரகஹகந்த என்று நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. லீவு வந்தால் பிள்ளைகள் ஆறு, எல்ல என்று கிளம்பிவிடுவார்கள். பெற்றோரே, "கவனம்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். காரணத்தையும் சொல்லுங்கள். தெரியாத இடத்தில் குதிக்கவே கூடாது. நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் முதலில் தடியால் ஆழம் பார்க்கட்டும். யாராவது தத்தளித்தால் நீந்தத் தெரியாதவர் பாயாமல் கயிறு, சாரம், வெற்றுக் கேன் எதையாவது எறியட்டும்.

இன்றிரவு வீட்டில் ஒரு கோப்பையும் குத்தியும் எடுத்துப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். இரண்டு நிமிட வேலை.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கும் பதில் சொன்னேன்: "சோதனைக்கு வரும் மகன். ஆற்றங்கரையிலும் வரும்."