ஒரு பைப்பை நேரா வெட்டத் தெரியாம நாங்க பட்ட பாடு

நவராத்திரிக்கு மண்டபத்துல ரெண்டு பக்கமும் வெச்சிருந்த கறுப்புப் பெட்டிங்களைப் பார்த்துட்டு நிறைய பேர் "எங்க வாங்குனீங்க, எத்தனை வெள்ளி"னு கேட்டீங்க. வாங்கலைங்க. நம்ம தொண்டூழியர்களே செஞ்சது. அதுல நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

நம்ம மண்டபத்துல பழைய ஸ்பீக்கர்ல பாட்டு போட்டா மிருதங்கம் பிஸ்கட் டின்னைத் தட்டுற மாதிரிதான் கேட்கும். சின்னப் பிள்ளைங்க ஆடும்போது தாளம் தெரியாம திணறுதுங்க. வாடகைக்கு எடுத்தா ஒன்பது நாளைக்கும் காசு கட்டணும். ஒரு அன்பர் 15 அங்குல ஸ்பீக்கர் ரெண்டு உபயமா கொடுத்தாரு. பலகை வாங்கி 120 லிட்டர் அளவுல ரெண்டு பெட்டி அடிச்சோம்.

இந்த மாதிரிப் பெட்டிக்கு முன்பக்கம் ஒரு ஓட்டை போட்டு, உள்ளே குழாய் வைக்கணும். காத்து அது வழியா வந்து போகும்போதுதான் அடிச்சத்தம் கனமா வரும். காலி பாட்டில் வாயில ஊதினா 'பூம்'னு ஒரு சத்தம் வருமே, அதே கதைதான். குழாய் நீளமா இருந்தா சத்தம் கீழே இறங்கும், குட்டையா இருந்தா மேலே ஏறும். எங்க பெட்டிக்கு 35 ஹெர்ட்ஸ் வேணும்னா, உள் அகலம் 15 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல உள்ள பைப் 26 சென்டிமீட்டர் நீளம் வேணும்னு கணக்கு வந்துச்சு.

பைப்புக்குக் காசு செலவு பண்ணல. கோயில் பின்னாடி கால்வாய் ரிப்பேர் செஞ்சப்போ மிஞ்சின 6 அங்குல பிவிசி துண்டு ஒண்ணு ஸ்டோர்ல கிடந்துச்சு. 60 சென்டிமீட்டர் இருக்கும். ரெண்டு துண்டு போக கையளவுதான் மிச்சம்.

நாங்க ரெண்டு பேர், ஐம்பதைத் தாண்டினவங்க. எஸ்.பி.எம். முடிச்சதும் பேக்டரிக்குள்ள போனவங்க, இப்போ சூப்பர்வைசர். கீழே ஆளுங்களை வேலை வாங்கியே பழக்கம். அன்னைக்கு சவுண்ட் பார்க்கிற ஒரு பையன், 19 வயசு, பக்கத்துல நின்னு சொன்னான்: "அங்கிள், ஹேக்சால நேரா அறுக்காதீங்க. பேப்பர் சுத்தி கோடு போட்டுட்டு அறுக்கலாம்." நாங்க என்ன சொன்னோம் தெரியுமா? "தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நாங்க ரம்பம் புடிச்சவங்க." கூட நின்னவங்க சிரிச்சாங்க. அவன் "சரி அங்கிள்"னு சொல்லிட்டு அன்னதானப் பக்கம் போயிட்டான்.

டேப்பை ஒரு இடத்துல மட்டும் வெச்சு 26 குறிச்சு அறுக்க ஆரம்பிச்சோம். பாதி வழியில ஹேக்சாவோட சட்டம் பைப்புல இடிச்சு நின்னுடுச்சு. இவ்ளோ பெரிய பைப்புக்கு அது பத்தாதுன்னு அப்பதான் புத்திக்கு ஏறிச்சு. திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் அறுத்தோம். ரெண்டு வெட்டும் சந்திக்கவே இல்ல. கிரைண்டர் வெச்சுச் சரி பண்ணலாம்னு பார்த்தா பிளாஸ்டிக் உருகி, புகை கிளம்பி, மண்டபம் முழுக்க நாத்தம். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது, யாரும் செய்யாதீங்க. கடைசியில அளந்து பார்த்தா மேல் பக்கம் 26, அடிப்பக்கம் 24.6.

அதுக்கு அடுத்த ரெண்டு வாரமும் அந்தப் பையன் கோயிலுக்கு வரல.

மாசக் கூட்டத்துல எப்பவும் பேசுற பேச்சு வந்துச்சு. "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்ல. தைப்பூசத்துக்கு மட்டும்தான் வருவானுங்க." எல்லாரும் தலையாட்டினாங்க. நாங்க ரெண்டு பேர் மட்டும் வாயைத் திறக்கல. ஒருத்தன் ஏன் வரலைன்னு எங்களுக்குத் தெரியுமே. பேக்டரியில தினம் காலையில ஆளுங்களை நிக்க வெச்சு, "லைன்ல ஏதாச்சும் தப்பாத் தெரிஞ்சா உடனே வாயைத் திறந்து சொல்லுங்க"ன்னு சொல்றவங்க நாங்க. கோயில்ல ஒருத்தன் வாயைத் திறந்து சொன்னான், அவனைப் பத்து பேர் முன்னாடி சிரிக்க வெச்சோம்.

அந்த ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனோம். நாலாவது மாடி, லிப்ட் கெட்டுப் போச்சு, கோணல் பைப்பையும் தூக்கிக்கிட்டு ஏறினோம். கதவைத் திறந்தவன் எங்களைப் பார்க்கல, பைப்பைத்தான் பார்த்தான். "தம்பி, தப்பா வெட்டிட்டோம். நீ சொன்னதைக் கேட்டிருக்கணும். எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினது எங்க தப்பு"ன்னு சொன்னோம். இதைச் சொல்ல எங்களுக்கு ரெண்டு வாரம் ஆச்சு. அவங்கம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வெச்சாங்க. அவன் ஒண்ணும் பேசல. பைப்பைச் சுத்திச் சுத்தி நாலு இடத்துல அளந்தான். அப்புறம், "வீணாகல அங்கிள். ரெண்டையும் 24.4க்கு வெட்டிடலாம். 35 இருக்கிறது 36 கூட ஆகாது, யாருக்கும் தெரியாது. ரெண்டும் ஒரே அளவா, வாய் நேரா இருக்கணும், அவ்ளோதான்." கணக்குப் போட்டுப் பார்த்தோம், சரிதான்.

வாய் ஏன் நேரா இருக்கணும்னா, பலகையில ஒட்டும்போது சந்து விழக்கூடாது. சந்து இருந்தா காத்து அது வழியா புஸ்ஸுனு கசியும்.

சாயங்காலமே கோயிலுக்கு வந்தான். அவன் செஞ்சதை எழுதுறோம், வேணுங்கறவங்க வெச்சுக்கோங்க.

பிள்ளைங்க பள்ளியில பயன்படுத்துற மாஜோங் தாள் ஒண்ணு. பைப்போட சுற்றளவு 50 சென்டிமீட்டருக்குச் சொச்சம், அதனால சின்னத் தாள் பத்தாது. தாளோட நேரான ஓரம் குறிச்ச இடத்துல வர்ற மாதிரி பைப்பைச் சுத்தி இறுக்கினான். ஒரு சுத்து வந்ததும் ஓரம் ஓரத்து மேலயே சரியா உட்காரணும். ஒரு நூல் விலகினாலும் கோடு கோணல்தான். டேப் ஒட்டி, ஓரத்தை ஒட்டியே பேனாவால சுத்திக் கோடு போட்டான்.

அப்புறம் பொடிப் பல்லு உள்ள கைரம்பம். முதல்ல கோடு மேல லேசா ஒரு சுத்து கீறல். அந்தக் கீறலே ரம்பத்துக்கு வழி காட்டும். அதுக்கப்புறம் ஒரே இடத்துல நின்னு அறுக்காம, கொஞ்சம் அறுத்து, பைப்பை உருட்டி, மறுபடி கொஞ்சம். நமக்குப் பக்கத்துல இருக்கிற சுவரை மட்டும்தான் ரம்பம் தொடணும். அவசரமே இல்லாம செஞ்சான். கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் விட்டுத்தான் வெட்டினான். கூட இருந்தா தேய்ச்சுக்கலாம், குறைஞ்சா ஒட்ட முடியாதே.

மிச்சத்துக்கு மண்டபத்துல மிஞ்சின தரை ஓடு மேல மணல் தாளை ஒட்டி, பைப்பை நிமிர்த்தி வெச்சுத் தேய்ச்சான். பத்து தேய்ப்புக்கு ஒரு கால் சுத்து திருப்பணும், இல்லன்னா கை அழுத்தற பக்கமே தேஞ்சு போகும். கடைசியா லைட்டை அணைச்சுட்டு, வேற ஒரு ஓடு மேல பைப்பை நிறுத்தி, உள்ளே டார்ச் அடிச்சான். அடியில எங்கேயும் வெளிச்சம் வரல. உள் ஓரத்தை அரை வட்ட அரத்தால மழுக்கிட்டு, எங்ககிட்ட நீட்டினான். தூசிக்கு முகக்கவசம் போடச் சொன்னதும் அவன்தான், இந்த தடவை மறுபேச்சு பேசாம போட்டோம்.

ரெண்டாவது பைப்பை எங்க கையாலயே வெட்டச் சொன்னான். பக்கத்துல நின்னு, "மெதுவா அங்கிள், உருட்டுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். வெட்டினோம். வெளிச்சம் வரல.

நவராத்திரி முதல் நாள் பிள்ளைங்க ஆடினப்போ, பின் வரிசையில ஒரு பாட்டி, "இன்னைக்குத்தான்பா மத்தளம் மத்தளமாக் கேக்குது"ன்னாங்க. சத்தத்தைக் கூட்டல, அக்கம்பக்கத்து வீடுங்க இருக்கு, பத்து மணிக்கு எப்பவும் போல அணைச்சுட்டோம். அந்தப் பையன் ஒன்பது நாளும் மிக்சர்கிட்ட உட்கார்ந்திருந்தான். அஞ்சாவது நாள் கூட்டாளி ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தான்.

முதல் பைப்புலேருந்து வெட்டி எடுத்த வளையம் இன்னும் ஸ்டோர்ல ஆணியில தொங்குது. ஒரு பக்கம் விரல் கனம், இன்னொரு பக்கம் காகிதக் கனம்.

பெரியவங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க கோயில்ல ஒரு பையன் வரலைன்னா, அவனுக்கு பக்தி இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி, கடைசியா வந்தப்போ அவன்கிட்ட என்ன பேசினோம்னு ஒரு தடவை யோசிங்க.

அடுத்த ஞாயிறு மேடைப் படி ரிப்பேர் இருக்கு. காலையில பசியாறிட்டு வாங்க, மதியச் சாப்பாடு கோயில்ல. தச்சு வேலை தெரிஞ்ச பிள்ளைங்க இருந்தா கட்டாயம் வாங்கப்பா. நீங்க சொல்லுங்க, நாங்க கேட்டுக்கிறோம்.

ஓம் சக்தி.