துப்பாக்கி போச்சு, தோல் இருக்கு

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது துப்பாக்கி பத்தின பதிவு இல்லை. துப்பாக்கியைத் தோள்ல மாட்டுற தோல் வாரையும், தோட்டா சொருகி வைக்கிற பெல்ட்டையும் பத்தின பதிவு. வீட்ல பழைய தோல் பை, கேமரா உறை, அப்பாவோட பெல்ட்டு எது கிடந்தாலும் இதுல பாதி உபயோகப்படும். மீதி என் சொந்தப் புலம்பல் :)

எங்க ஊர் ஆத்தூர். சேலத்துல இருந்து கிழக்கால 50 கிலோமீட்டர். சுத்திலும் மரவள்ளி, அதை அரைக்க சேகோ ஃபேக்டரி. கல்வராயன் மலையடிவாரத்துல காடு வெச்சிருக்கவங்களுக்கு காட்டுப்பன்னிதான் நிரந்தர விருந்தாளி. மூக்காலயே மண்ணை நோண்டி கிழங்கைத் தின்னுட்டுப் போயிரும். அதுக்காகப் பயிர் பாதுகாப்பு லைசென்ஸ் எடுத்து ஒத்தைக்குழல் 12 போர் துப்பாக்கி ஒண்ணு வெச்சிருந்தார் தாத்தா. பன்னி மேல சுட்டு நான் பார்த்ததில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்ளோதான். தேர்தல் அறிவிச்சா துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். வாரை மட்டும் கழட்டி வீட்லயே வெச்சுட்டுப் போவார். "துப்பாக்கிதான் கவர்மெண்டு கணக்கு, வாரு நம்முது"ம்பார்.

2019ல தாத்தா போயிட்டார். வாரிசு பேருக்கு மாத்தச் சொல்லி மனு போடலாம், அப்பா வேண்டாம்னுட்டார். துப்பாக்கியும் மிச்சத் தோட்டாவும் ஸ்டேஷனுக்குப் போச்சு. வாரும் பெல்ட்டும் சாமி ரூம் பக்கத்து ஆணியிலயே தொங்கிச்சு. "தூக்கிப் போடுடா, பூஞ்சை புடிச்சுக் கிடக்கு"ன்னு அப்பா ஒவ்வொரு லீவுக்கும் சொல்லிட்டே இருந்தார். போன ஐப்பசியில பொட்டி தட்டுற வேலைக்கு ஒரு வாரம் லீவு விட்டுட்டு அதைக் கையில எடுத்தேன்.

பெல்ட்டுல தோட்டா சொருகுற இடமெல்லாம் பச்சையா ஒரு பிசுக்கு. அது பூஞ்சை இல்லை, களிம்பு. தோட்டாவோட அடிப்பாகம் பித்தளை. மரப்பட்டைச் சாறுல பதப்படுத்தின தோல்ல அமிலம் இருக்கும், தடவின எண்ணெயோட கொழுப்பும் இருக்கும். ரெண்டும் பித்தளையில இருக்கற செம்பைத் தின்னுதான் இந்தப் பச்சை. அதனால தோட்டாவைப் பெல்ட்டுலயே மாசக்கணக்கா விடக்கூடாது. துப்பாக்கியை உறைக்குள்ளயே வெச்சு பீரோவுல பூட்டுறதும் தப்பு. தோல் காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும், குடிச்சதை இரும்புக்குக் குடுக்கும், இரும்பு துரு புடிக்கும்.

வாரு மேல வெள்ளையாவும் படிஞ்சிருந்தது. வெள்ளையா இருக்கறதெல்லாம் பூஞ்சை இல்லைங்க. ஹேர் டிரையர் சூட்டை லேசா காட்டினா மறைஞ்சுபோச்சுன்னா அது தோலுக்குள்ள இருந்து வெளிய வந்து பூத்த கொழுப்பு. மறையலைன்னா பூஞ்சை. இது பூஞ்சை. அதை வீட்டுக்குள்ள தட்டாதீங்க, வித்து பறந்து அடுத்த செருப்புல உக்காரும். வாசல்ல வெச்சு உலர்ந்த பிரஷ்ல தேய்ச்சு, நிழல்ல காத்தாட விட்டேன். துணி சோப்பு கூடவே கூடாது. தோல் இயல்பிலயே கொஞ்சம் அமிலம், சோப்பு காரம். ஈரத் துணியை நல்லா பிழிஞ்சு துடைச்சாலே போதும். வெயில்ல காய வைக்கவும் கூடாது.

அப்புறம் எண்ணெய். தோல்ங்கறது கொலாஜன் நார்ப் பின்னல். நாருக்கும் நாருக்கும் நடுவுல எண்ணெய் இருந்தா வழுக்கிட்டு வளையும், இல்லைன்னா உரசி வெடிக்கும். வெடிச்சுட்டா எந்த எண்ணெயும் அதை ஒட்ட வைக்காது. வெளிநாட்டுல மாட்டுக் கால் எலும்புல இருந்து எடுக்கற நீட்ஸ்ஃபுட் எண்ணெய் போடறாங்க. நான் போட்டது விளக்கெண்ணெய், வாருக்கு ஆறே சொட்டு. தேங்காய் எண்ணெய் நாள்பட்டா சிக்கு வாடை அடிக்கும், அதனால ஒதுக்கிட்டேன். இடுப்புல கட்டுற பிஸ்டல் உறைன்னா இந்த ஆறு சொட்டும் அதிகம். ஆயுதத்தோட வடிவத்துக்கே ஈரத் தோலை அழுத்திக் காய வெச்சுத்தான் பல உறைகளைச் செய்யறாங்க. எண்ணெய் ஊறினா தொளதொளன்னு ஆகி பிடிமானம் போயிரும். அதுக்கு மேல மெழுகு மட்டும் போதும்.

தடவுறதுக்கு முன்னாடி விரலால தேய்ச்சுப் பாருங்க. செங்கல் தூள் மாதிரி ஒட்டினா எண்ணெய் பக்கமே போகாதீங்க, இன்னும் கெடும். லண்டன்ல சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ், புத்தக அட்டைத் தோல் ஏன் இப்படிப் பொடியாகுதுன்னு ஒரு குழு போட்டு 1901ல அறிக்கை குடுத்தாங்க. கேஸ் விளக்குப் புகை ஒரு காரணம். பதப்படுத்தின பட்டை இன்னொரு காரணம். நம்ம ஆவாரம்பட்டை வகையறா தோல் சீக்கிரம் பொடியாகும், கடுக்காய் வகை தாங்கும். நம்ம தாத்தா வாரும் ஆவாரம்பட்டைத் தோல்தான். ஆனா பொடியாகலை. ஆத்தூர்ல புகை கம்மியா, இல்லை தாத்தா வருசா வருசம் துடைச்சு வெச்சதானு எப்படிச் சொல்றது? நான் தாத்தா கட்சி.

ஆவாரம்பட்டைன்னு எப்படித் தெரியும்? ஆயா சொன்னாங்க. பெல்ட்டு கடையில வாங்கினது. வாரு மட்டும் உள்ளூர்ல தெச்சது. கவலை ஓட்டுன காலத்துல சாலுக்கு அடியில யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் வால் தொங்கும், கிணத்துத் தண்ணி அது வழியாத்தான் வாய்க்கால்ல விழும். நாள் முழுக்க நனைஞ்சு காய்ஞ்சு கல்லுல உரசுற தோல். அதைத் தெச்சுக் குடுத்தவர் அருந்ததியர் தெருக்காரர். மோட்டார் வந்ததும் அவருக்கு வேலை போச்சு. அதுக்கப்புறம் தெச்ச வாரு இது.

"எங்க உக்காந்து தெச்சாரு ஆயா?"

"அவனா? எருக்குழிகிட்ட."

"தண்ணி குடிக்க?"

"கையில ஊத்துவோம்."

பொங்கலுக்குக் காப்புக் கட்ட அதே ஆவாரஞ்செடியில இருந்துதான் பூ ஒடிச்சிட்டு வந்து வீட்டு நெலவுல சொருகுறோம். அவர் தெச்ச தோல் சாமி ரூம் பக்கத்துல அம்பது வருசமா தொங்குது. பேர் கேட்டேன், ஆயாவுக்குத் தெரியலை. தாத்தாவோட கணக்கு நோட்டைத் தேடினேன். "வாருக்கு சோளம் 2 வள்ளம்"னு ஒரு வரி இருக்கு, பேர் இல்லை.

தையல் ரெண்டு இடத்துல விட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிறவர்கிட்டக் குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு ஊசி போட்டு எதிரும் புதிருமா இழுத்திருக்காரு, ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் நிக்கும். எங்கப்பா இப்படித்தான் தைப்பாரு"ன்னு சொல்லிட்டு, அதே மாதிரி மெழுகு நூல்லயே போட்டுக் குடுத்தார். அம்பது ரூபா கேட்டார்.

வாரு தெச்சவரோட பேரன் ஊர்லதான் இருக்காராம், சேகோ ஃபேக்டரிக்கு லாரி ஓட்டுறாராம். அடுத்த வாரம் போறப்ப வாரைக் கொண்டுபோய்க் காட்டி, அவங்க தாத்தா பேரைக் கேட்கலாம்னு இருக்கேன். அப்பா இப்பவே "ஊர்ல நாலு பேர் என்ன சொல்லுவான்"னு ஆரம்பிச்சுட்டார்.

டிஸ்கி: தோல் சாமானைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி வைக்காதீங்க, உள்ளயே வேர்த்துப் பூஞ்சை புடிக்கும். பழைய வேட்டித் துணி போதும். ஆணியில தொங்க விட்டா அந்த இடத்துலயே மடிஞ்சு வெடிக்கும், உருட்டுக்கட்டையில போடுங்க.