செக்கு இருக்கிறது, கப்பல் எங்கே?

'கப்பலோட்டிய தமிழன்' என்றதும் உங்களுக்கு யார் முகம் ஞாபகம் வரும்? பாதிப் பேருக்கு சிவாஜி கணேசன். 1961-ல் வந்த படம் அப்படி! சரி, வ.உ.சி. விட்ட கப்பல் எப்படி இருந்தது? யோசித்துப் பாருங்கள்... வராது.

1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்ற நீராவிக் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் போய்வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் 'சும்மாவே ஏறிக்கோ, கூடவே ஒரு குடையும் வாங்கிக்கோ' என்று இறங்கியதாகச் சொல்வார்கள். இலவசத்துக்கு அப்பவே பிள்ளையார் சுழி போட்டாச்சு! 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனி மூடப்பட்டது. கப்பல்கள் கைமாறிப் போயின.

கோவை சிறையில் அவரை மாடு மாதிரி இழுக்கவைத்த செக்கை சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். அவர் பட்ட பாட்டுக்குச் சாட்சி இருக்கிறது. அவர் கண்ட கனவுக்கு? ஒரு பலகைகூட நம்மிடம் இல்லை.

விசாகப்பட்டினம் போய்ப் பாருங்கள். 1969 முதல் 2001 வரை கடலுக்கடியில் உழைத்த 'குர்சுரா' நீர்மூழ்கியைக் கரைக்கு இழுத்து, 2002-ல் அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். தலை இடிக்காமல் குனிந்து குனிந்து உள்ளே போய், மாலுமி படுத்த அந்தக் குறுகல் படுக்கையைப் பார்க்கிற பையனுக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. கடற்படை என்றால் என்ன என்று முதுகெலும்புக்கே புரிந்துவிடும்.

காலியா திரும்பி வரப்போவதில்லை. ஆனால், அதே தூத்துக்குடியில் தோணி இருக்கிறது. மரத்தாலான சரக்குக் கப்பல். ஒருகாலத்தில் பாய் விரித்து, காற்றை நம்பியே கொழும்புக்குப் போய்வந்தது; பிறகு என்ஜின் வந்தது. அதன் தலைவருக்குத் 'தண்டல்' என்று பெயர். எந்தக் காற்றுக்கு எந்தப் பாய் என்பது அவர் பட்டறிவில் இருந்த பாடம். புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

ஒரே ஒரு தோணியை, பாய்மரத்தோடு கரையேற்றி வைத்தால் போதும். காணாமல் போனபிறகு மாதிரி செய்து கண்ணாடிப் பெட்டியில் வைப்பதைவிட அது மேல் இல்லையா?

அடுத்த முறை தூத்துக்குடி போனால் மக்ரூன் பொட்டலத்தோடு திரும்பிவிடாதீர்கள். தோணி எங்கே நிற்கிறது என்று விசாரியுங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நாளைக்கு அவர்களாவது கேட்கட்டும், 'அந்தத் தோணி எங்கே?' என்று.