விவேக் நகரில் ஒலிக்கும் எபிரெயச் சொற்கள்



பெங்களூரு விவேக் நகரில், வியாழக்கிழமைதோறும் குழந்தை இயேசு ஆலயத்தை நோக்கித் தமிழரும் மலையாளிகளும் கன்னடரும் திரளாய் வருவதைக் காணலாம். ஞாயிற்றுக்கிழமையிலோ நம் தமிழ்ச் சபைகளின் துதிச்சத்தம். ஆராதனை முறைகள் வேறு, மொழிகள் வேறு. ஆயினும் எங்கும் மாறாமல் ஒலிக்கும் சொற்கள் சில உண்டு: ஆமென், அல்லேலூயா. இவை எபிரெயச் சொற்கள். யூத ஜனத்தின் வழியாய் நமக்கு வந்தவை.

நமது பெயரையே எண்ணிப்பாருங்கள். பெந்தெகொஸ்தே என்றால் கிரேக்க மொழியில் ஐம்பதாவது என்று பொருள். லேவியராகமம் 23-ஆம் அதிகாரம் கட்டளையிடும் வாரங்களின் பண்டிகைக்குக் கிரேக்கம் பேசிய யூதர் இட்ட பெயர் அது. அப்பண்டிகை நாளில் எருசலேமில் கூடியிருந்த யூதருக்கே பேதுரு பிரசங்கித்தார். விசுவாசித்தவர்கள் தேவாலயத்திற்குப் போவதை நிறுத்திவிடவில்லை. பவுலும் புதிய பட்டணங்களில் முதலாவது ஜெபஆலயத்தையே நாடினார். கிறிஸ்தவர்கள் என்ற பெயர் பிற்பாடு அந்தியோகியாவில் உண்டாயிற்று. கி.பி. 70-ல் தேவாலயம் இடிக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த தலைமுறைகளில் இரு வழிகளும் மெல்ல மெல்லப் பிரிந்தன.

இந்த வேரின் தடயங்களைக் காண எருசலேம் வரை போகவேண்டியதில்லை. உங்கள் அண்டை வீட்டில் கேரளத்து சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் இருந்தால், பெரிய வியாழன் இரவைக் குறித்து விசாரியுங்கள். புளிக்காத அரிசிமாவில் அப்பம் செய்வார்கள். குடும்பத்தலைவர் ஜெபித்து, அதைப் பிட்டு, வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பாலுடன் அனைவருக்கும் பகிர்வார். அதற்குப் பெசகா என்று பெயர். பஸ்காவின் எபிரெயப் பெயரான பெசாக் என்பதன் உறவுச்சொல் அது; சுரியானி மொழி வழியாய் மலையாளத்தை அடைந்தது.

கொல்லத்தில் இன்னும் வியப்பான சான்று ஒன்று உண்டாயிற்று. கி.பி. 849-ல் வேணாட்டின் அய்யனடிகள், தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவ ஆலயத்திற்குச் செப்பேடு வழங்கினார். சாசனம் வட்டெழுத்தில் உள்ளது. சாட்சிகளின் கையொப்பங்களோ அரபி, பகலவி, எபிரெய எழுத்துகளில் உள்ளன. ஒரு சபையின் உரிமைக்கு யூதரும் சாட்சி நின்றனர்!

பிரியமானவர்களே, யூதரை இகழும் பேச்சு நம் நடுவிலும் சிலவேளை எழுகிறது. ரோமர் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். ஒட்டவைக்கப்பட்ட காட்டொலிவக்கிளை, தன்னைத் தாங்கும் மரத்திற்கு விரோதமாய்ப் பெருமைபாராட்டலாகாது என்பதே பவுலின் எச்சரிப்பு. பிறந்த ஊரை விட்டு வந்து, வேறொரு மண்ணில் துளிர்த்திருக்கும் நமக்கு ஒட்டுக்கிளையின் நிலை விளங்காததா? உங்கள் பிள்ளைகள் ஆமென் சொல்லும்போது, அச்சொல் எந்த ஜனத்தாரிடமிருந்து வந்தது என்பதையும் நன்றியோடு கற்றுக்கொடுங்கள்.